பற்று, வரவு, மேற்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள் என்று ஒரு காலத்து வீடுகளின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்து நிற்கும். பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கடையொன்றில், ஒரு மரப்பெட்டிக்கு அடியில் கிடந்த நீளமான கணக்கேடு என் கைக்கு வந்தது. தையல் விட்டுப்போயிருந்தது. பக்கத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே ‘ஈசுவர’ என்று வருடத்தின் பெயர். அதன்பின் வரிவரியாக, எல்லா வரியிலும் ஒரே ஒழுங்கில், நாள், பெயர், விவரம், தொகை. கையெழுத்து இரண்டு மூன்று பேருடையதாகத் தெரிந்தது. ஆனால் ஒழுங்கு ஒன்றுதான்.

எந்த ஈசுவர வருடம் என்பதுதான் முதல் கேள்வி. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1877, 1937, 1997 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கடைசியை உடனே தள்ளிவிட்டேன். தொகைகள் டாலரில் இருந்தன. ஆகவே மலாயா அல்லது சிங்கப்பூர்க் கடை. ஏட்டுக்குள் செருகியிருந்த கடித உறையின் தபால்தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்ததால் 1937 என்று முடிவுக்கு வந்தேன். அவர் பட்டத்துக்கு வந்ததே 1936 டிசம்பரில்தான். ஏடு தன் காலத்தைத் தானே சொல்லவில்லை, உறைதான் சொல்லிற்று. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், “அண்ணே, அது படிக்கிறதுக்கு இல்லண்ணே. பிரேம் போட்டு மாட்டுறதுக்கு” என்றார்.

கணினிகளின் நிகழ்வுப் பதிவுகளைப் படிப்பது என் தொழில். ஒவ்வொரு கணினியும் தனக்குள் நடப்பதை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எந்தக் கதவைத் தட்டியவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான வரிகள். இதற்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டையிலிருந்து வந்த சொல் அது. கட்டை காட்டிய வேகத்தை எழுதிவைத்த ஏட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வரிகளை எந்தக் கட்டங்களில், எந்தப் பெயர்களின் கீழ் வகைப்படுத்தினால் எங்கோ இருக்கும் ஒருவர் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதே எங்கள் துறையின் பழைய தலைவலி. அந்தத் தலைவலியோடுதான் கணக்கேட்டைப் பார்த்தேன். எனவே இந்தக் கட்டுரையில் தொழில் வாடை கொஞ்சம் அடித்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

2003-இல் வெளியான யூனிகோடின் நான்காம் பதிப்பில் தமிழுக்கு எட்டுக் குறியீடுகள் சேர்க்கப்பட்டன. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். இவை நகரத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல. ஊர்க் கணக்கர்களும் பத்திரம் எழுதுவோரும் பயன்படுத்தியவைதான்; ‘௸யார்’ என்று தொடங்கும் வரியைப் பழைய கிரயப் பத்திரம் எதிலும் காணலாம். ஆனால் இந்த எட்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் புலப்படுகிறது. எப்போது, எந்தத் திசையில், எதன் தொடர்ச்சியாக, எந்த நாணயத்தில், எந்த எண்ணில் என்று ஒரு நிகழ்வைப் பதிவதற்கு வேண்டிய கட்டங்கள் ஏறத்தாழ எல்லாமே அதில் இருக்கின்றன. நம் முன்னோர் தனிக்குறி வகுத்துக்கொண்ட சொற்கள் எவை என்று பார்த்தால், அவர்கள் நாள்தோறும் நூறுமுறை எழுதவேண்டியிருந்த சொற்கள் எவை என்பது தெரிந்துவிடும். அன்புக்கும் துயரத்துக்கும் குறியீடு இல்லை. மேற்படிக்கு இருக்கிறது.

2019-இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் இன்னும் ஐம்பத்தொரு குறியீடுகள் சேர்ந்தன. முந்திரி என்னும் 1/320 தொடங்கிப் பின்னங்கள், காசு, பணம், பொன், வராகன், முகத்தலளவைகள். திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் உருப்போட்டவை இவை. வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடும் பெரியவர்களைப் பற்றிச் செட்டிநாட்டில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் பிரம்படியும் நிறைய இருந்தது.

*

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ 75 ஊர்கள் கொண்ட வறண்ட நிலம். அங்கிருந்து கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன் என்று கடைகள் பரவின. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை நடத்துபவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஏஜெண்டு. ஒரு தவணை மூன்றாண்டு. மூன்றாண்டு முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு கப்பலில் வந்து இறங்குவார். இருவரும் உட்கார்ந்து கணக்கை ஒப்புவித்துக்கொண்ட பிறகே பழையவர் ஊர் திரும்புவார். இந்த ஏற்பாட்டைப் பற்றி மானிடவியலாளர் டேவிட் வெஸ்ட் ருட்னர் 1994-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சாதி என்பதை வங்கி அமைப்பாகவே பார்க்கும் அவருடைய வாதத்தோடு முழுக்க உடன்பட வேண்டியதில்லை. ஆனால் கணக்கு முறையை அவர் எடுத்துக்கொண்ட தீவிரத்தோடு தமிழில் எழுதியவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பணம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருக்கிறது. பெட்டிச் சாவி வேறொருவர் இடுப்பில். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். அவர் கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் ஏடுகளும், ஏடுகளைச் சுருக்கி எழுதி அனுப்பப்பட்ட கணக்குகளும்தான். பார்க்க முடியாத இடத்தில் நடப்பதை, தனக்குத் தெரியாத கை எழுதியதைக் கொண்டு நம்பியாக வேண்டும். இந்த நிலையில் உண்மையைவிட முக்கியமாவது ஒழுங்கு என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஒழுங்கு இருந்தால்தான் உண்மை எங்கே பிசகியது என்று காணமுடியும்.

ஏடுகள் ஒரு படிக்கட்டுப் போல அமைந்தன. நடக்க நடக்க எழுதிக்கொள்வது சிட்டை. அதைச் செம்மையாக நாள்வாரியாக எழுதுவது குறிப்பு. குறிப்பிலிருந்து ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் பெயர்த்து எழுதுவது பேரேடு. பேரேட்டின் இருப்புகளையெல்லாம் திரட்டி, பற்றும் வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஐந்தொகை. இந்தச் சொல் இன்றும் இலங்கைப் பள்ளிப் பாடநூல்களில் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை விட்டுவிட்டு ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று நீட்டிக்கொண்டோம். இரட்டைப் பதிவு முறையைப் பற்றிப் பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்டதற்கு முன்பே நம்மிடம் அது இருந்ததா என்ற விவாதம் உண்டு. ‘உலகிலேயே முதன்முதலாக’ என்று தொடங்கும் வாக்கியங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. குறிப்பு காலத்தால் அடுக்கப்பட்டது, பேரேடு ஆளாலும் பொருளாலும் அடுக்கப்பட்டது. ஒரே நிகழ்வு இரண்டு வரிசைகளில் நிற்கிறது. என்ன நடந்தது என்று கேட்டால் குறிப்பைப் புரட்டலாம். யார் செய்தது என்று கேட்டால் பேரேட்டைத் திறக்கலாம். இன்றைய பாதுகாப்புப் பதிவு அமைப்புகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வதும் அடிப்படையில் இந்தப் பெயர்ப்பைத்தான்.

ஆளை எப்படிக் குறிப்பது? இதற்கு நகரத்தாரிடம் இருந்த விடை விலாசம். ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் சேர்ந்த முகவரி அல்ல இது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கி உருவாக்கிய கடைப்பெயர். பாட்டன், தந்தை, மகன் என்று தலைமுறை நீள நீள எழுத்தும் நீளும். ஏவி.எம். என்ற மூன்றெழுத்தில் காரைக்குடி ஆவிச்சி செட்டியாரின் பெயர் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. விலாசத்தைப் பார்த்தவுடன் எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். அந்தக் குடும்பம் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தது என்பதும் அதைத் தொடர்ந்து தெரிந்துவிடும். கோயிலுக்கு வரி செலுத்தும் குடும்ப அலகுக்குப் புள்ளி என்று பெயர். மணமாகித் தனியே எண்ணப்படும் தம்பதி ஒரு புள்ளி. புள்ளிவிவரம் என்ற சொல்லை நாம் எவ்வளவு வறட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறோம் என்பது செட்டிநாட்டுக்காரர் வாயில் ‘எத்தனை புள்ளி?’ என்ற கேள்வியைக் கேட்கும்போது உறைக்கும்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டி, ஒரு பாய். பெட்டியடிப் பையனாக வருபவன் தொடங்குவது ஏடு பெயர்த்து எழுதுவதில்; பிறகு அடுத்தாள்; திறமையும் அதிர்ஷ்டமும் இருந்தால் ஏஜெண்டு. ஒரு கடையில் பழகிய கை மறுகடையில் மறுநாளே எழுதத் தொடங்கலாம், ஏனென்றால் தலைப்புகள் ஒன்றே. போட்டிக்காரர்கள் என்றாலும் அடிப்படை வட்டி வீதமான நடப்பு வட்டியைக் கோயிலில் கூடி நிர்ணயித்தார்கள். தவணை வட்டி அதை ஒட்டியே நின்றது. தொழிலில் ஒரு பங்கை அறத்துக்கு ஒதுக்கும் மகமையும் பொதுத் தலைப்புதான். அதாவது பேரேட்டில் கடவுளும் ஒரு கணக்குதாரர். அவர் பக்கத்திலும் வரவு, பற்று எழுதப்பட்டது. இதை நாத்திகரும் ஆத்திகரும் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எழுதியவருக்கு அதில் விசித்திரம் ஏதும் இருந்திராது.

*

இனி என் தொழிலுக்கு வருகிறேன், சுருக்கமாகவே. கணினி நிகழ்வுகளைப் பதிய 1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் ‘சிஸ்லாக்’ என்ற முறையை எழுதினார். அவருடைய மின்னஞ்சல் மென்பொருளுக்காகப் பிறந்தது, உலகெங்கும் பரவிவிட்டது. பல ஆண்டுகள் அதற்கு எழுதப்பட்ட இலக்கணம் கிடையாது. ஆளாளுக்கு ஒரு விதம். நடைமுறையில் இருந்ததை 2001-இல் ஓர் ஆவணமாகத் தொகுத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை இருந்தது: ஒவ்வொரு வரியிலும் மாதமும் நாளும் மணியும் உண்டு, வருடம் கிடையாது. எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. ஈசுவர வருடத்துக்காவது அறுபதாண்டு எல்லை உண்டு, இதற்கு ஓராண்டுதான். 2009-இல் வந்த புதிய இலக்கணம் முழுத் தேதியையும் நேர வலயத்தையும் கட்டாயமாக்கியது. ஆனாலும் பழைய வடிவில் எழுதும் கருவிகள் இன்றும் ஏராளம். காலத்தைக் குறிப்பவர் எப்போதும் தன் காலத்திலேயே இருக்கிறார். அவருக்கு வருடம் தெரியும். படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. ஒரு கருவி ‘உள்நுழைவு தோல்வி’ என்று எழுதுவதை இன்னொன்று ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று எழுதும், மூன்றாவது வெறும் எண்ணாகப் போடும். எல்லாவற்றையும் ஒரே தலைப்புகளின் கீழ்க் கொண்டுவர நிறுவனங்கள் தத்தமக்கு ஒரு பேரேடு வகுத்துக்கொண்டன. 2019-இல் எலாஸ்டிக் நிறுவனம் தன் பொதுத் திட்டத்தை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் அமேசானின் இணையச் சேவைப் பிரிவும் ஸ்பிளங்க்கும் வேறு பல நிறுவனங்களும் சேர்ந்து, சிமாண்டெக்கில் முன்பே செய்யப்பட்ட வேலையை அடித்தளமாகக் கொண்டு, ஓ.சி.எஸ்.எஃப். என்ற பொது இலக்கணத்தை அறிவித்தன. போட்டியாளர்கள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்ததைப் போன்ற காரியம்தான், கோயில் மட்டும் இல்லை. அமைப்பின் செயல்பாடு, கண்டுபிடிப்புகள், அடையாளமும் அனுமதியும், வலையமைப்புச் செயல்பாடு என்று பெருவகைகள்; ஒவ்வொன்றின் கீழும் உள்வகைகள்; ஒவ்வொரு உள்வகைக்கும் எண். பல பட்டியல்களில் 0 என்றால் ‘தெரியாது’, 99 என்றால் ‘இதர’.

இந்த 99-ஐப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் புதிதாக வாங்கிய ஒரு கருவியின் வரிகளுக்குத் தலைப்பு வகுக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. எல்லாம் இதரவில் விழுந்துகொண்டிருந்தன. அந்தக் கருவி வழியாக வெளியாள் ஒருவர் ஏழெட்டு வாரம் வந்துபோயிருக்கிறார். ஒவ்வொரு வருகையும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. எதையும் அமைப்பு மறைக்கவில்லை. மேலதிகாரிகளுக்கு வாராவாரம் போன சுருக்க அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் பச்சை. இரவுப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், வகைப்படுத்திய பட்டியலைப் பார்க்கத் தெரியாமல், மூல வரிகளை நேரே படித்துக்கொண்டிருந்தபோதுதான் அகப்பட்டது. எங்கள் பெட்டியடிப் பையன். நல்லவேளையாக, வகைப்படுத்திய பிறகும் மூல வரியை அப்படியே வைத்துக்கொள்ள இந்தத் திட்டங்களில் ஒரு கட்டம் உண்டு. பேரேடு எழுதிய பின்னும் சிட்டையை எரித்துவிடாமல் இருப்பதைப் போல.

சட்டம் இந்த இரண்டு ஏடுகளையும் ஒரே கண்ணால் பார்க்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 34-ஆம் பிரிவில், தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதப்பட்டு வந்த கணக்கேட்டின் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றது. ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டுமே வைத்து ஒருவர்மேல் பொறுப்புச் சுமத்த முடியாது என்றும் கூறியது. கடன் வழக்குகளில் பேரேடு கூண்டேறியது இந்தப் பிரிவின் துணையோடுதான். 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது அதே பிரிவில் மின்னணு வடிவில் வைத்திருக்கும் ஏடுகளும் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 28-ஆம் பிரிவாக இடம்பெயர்ந்திருக்கிறது. இடையில், 1998-இல், ஜெயின் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுணுக்கம் சொன்னது: தனித்தனித் தாள்கள் இந்தப் பிரிவின் பொருளில் ஏடு ஆகமாட்டா. கோக்கப்பட்டிருக்க வேண்டும், தொடர்ந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரி தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை, முன்னும் பின்னும் வரிகள் வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. மூன்றாண்டுத் தவணை கண்ட முதலாளிகள் 180 நாள் என்பதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

*

இதுவரை எழுதியது பெருமையாகவே இருக்கிறது. கணக்கு முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் மிக ஒழுங்கான ஏடுகள் எழுதப்பட்ட இடத்தில்தான் மிகப் பெரிய சரிவும் நடந்தது.

1852-க்குப் பின் கீழ்ப் பர்மா பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை அகன்றது. ஐராவதி முகத்துவாரத்தின் காடும் சதுப்பும் வயலாயின. வயலாக்கியவர்கள் பர்மிய உழவர்கள், பணம் செட்டிநாட்டுடையது. 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. நிலுவையிலிருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மைக்குப் போனது என்றும் குழு மதிப்பிட்டது. பிறகு உலகப் பெருமந்தம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 5.7 லட்சம் ஏக்கர், மொத்தத்தில் 6 விழுக்காடு. 1937-இல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டி நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

அவர்கள் நிலத்தை விரும்பிப் போகவில்லை என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். வட்டித் தொழிலுக்குப் பணம் ஓட வேண்டும், நிலம் ஓடாது. ஊரில் பணம் போட்டவர்களுக்குப் பர்மாவின் சேற்றைப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. பேரேட்டின் இலக்கணப்படி பார்த்தால் நடந்தது மிக எளிய காரியம்: கடன் என்ற தலைப்பில் நின்ற தொகை நிலம் என்ற தலைப்புக்குப் பெயர்ந்தது. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. ஐந்தொகை ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாமல் இருக்கக் காரணமே இல்லை, எந்த வரியும் பொய் இல்லையே.

அந்த இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் ஒரு குடும்பம் தான் உழுத வயலிலேயே குத்தகைக்காரராகிவிட்டது என்பதை எழுத எந்த ஏட்டிலும் கட்டம் இருக்கவில்லை. பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறையைச் சொல்லும் எழுத்துகளை அடுக்கிப் பழகிய விலாச முறைக்கு அவர்கள் பிடிபடாதவர்கள். ஒரு மவுங்குக்கும் இன்னொரு மவுங்குக்கும் உள்ள வேறுபாட்டை ஊரின் பெயரும் அடமான எண்ணும்தான் காட்டியிருக்க முடியும். 1930-இன் இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. 1938-இல் இந்தியருக்கு எதிரான கலவரம். காரைக்குடியில் கணக்குப் பார்த்தவருக்குப் பத்திரிகைச் செய்தியாக அது தெரிந்திருக்கும். தன் ஏட்டின் ஒரு தலைப்புப் பெயர்ச்சியோடு அதை இணைத்துப் பார்க்க அவருக்கு வழி இல்லை என்றே எண்ணுகிறேன். வழி இருந்தும் பார்க்கவில்லை என்று வாதிடுவோரும் உண்டு, அதை நான் முற்றாக மறுக்க மாட்டேன்.

செட்டியார்களைக் கொடுங்கோலர்களாகச் சித்திரித்துவிட்டு எழுந்துபோவது எளிது. அவர்களுக்கு மேலே கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகள் இருந்தன. உழவனுக்கு வேறு எவரும் அந்த அளவில் கடன் தரத் துணியாத காலம் அது. உள்ளூர்க் கடன்காரர்களைவிட அவர்களின் வட்டி குறைவு என்ற குறிப்புகளும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பதிவுசெய்த ஒரு முறை எதைக் காணவில்லை என்று கேட்பது குற்றப்பத்திரிகை வாசிப்பதாகாது. என் இரவுப் பணிப் பையன் கேட்ட கேள்வியும் அதுதான்: “சார், எல்லாந்தான் எழுதியிருக்கே, அப்புறம் ஏன் யாரும் பாக்கல?”

கட்டம் இல்லாதவற்றை எழுத ஒருவர் வந்தார் என்றால் அது ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், அதாவது செட்டிநாட்டின் வாசற்படிக்காரர். 1938-இல் மேடான் போய் அங்கே கடையில் வேலை பார்த்தவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் வெளிவந்தன. பினாங்கு, மேடான் வட்டிக்கடைகளின் அடுத்தாள்களும் பையன்களும் தமிழ் நாவலுக்குள் முழு உடம்போடு நடந்து வந்தது அவர் மூலம்தான். போரும் கடலும் காமமும் வெட்டிப்பேச்சும் நிறைந்த அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், பகலில் பேரேடு எழுதிய கை இரவில் தன் சிட்டையைத் திறந்துகொண்டது என்று தோன்றும். அவரை வட்டார எழுத்தாளர் என்ற தலைப்பில் போடுவதா, புலம்பெயர் எழுத்தாளர் என்ற தலைப்பிலா என்று நம் விமர்சகர்கள் நெடுநாள் தடுமாறினார்கள். சில காலம் அவர் நம் இலக்கியத்தின் 99-இல்தான் கிடந்தார்.

ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச் 8. தமிழ்க் கணக்கில் விஷு வருடம், மாசி மாதம். அதற்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பல் கிடைத்தவர் சிலர். அரக்கான் மலை வழியாகவும் அசாம் எல்லைக் காடுகள் வழியாகவும் நடந்தவர் பலர். வழியில் இறந்தவர் பல்லாயிரம். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களின் நிலத்தை 1948-இன் நில தேசியமயச் சட்டம் எடுத்துக்கொண்டது. நில உரிமையைக் காட்ட ஏடு வேண்டும், ஏட்டைக் காட்டினாலும் நிலம் இல்லை.

*

காரைக்குடிக் கடைக்கு அடுத்த முறை போனபோது ஏடு இல்லை. முதல் முறையே வாங்காமல் வந்ததற்கு என் கஞ்சத்தனமே காரணம், வேறு சாக்குச் சொல்ல வழியில்லை. தாள் தாளாகப் பிரித்து, பழைய வீடுகளை விடுதியாக்குகிறவர்களுக்கு விற்றுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். மிச்சம் நான்கு தாள்கள் இருந்தன. வாங்கிக்கொண்டேன். மூன்றில் மை பரவிவிட்டது. நான்காவது தெளிவாக இருக்கிறது. அதன் முதல் வரி ௸ என்று தொடங்குகிறது. பிறகு வட்டி வரவு, ஒரு தொகை, கால் டாலர் பின்னத்தோடு. யாருடைய வட்டி என்பது அதற்கு முந்தைய தாளில் இருக்கும்.